அம்மாவின் பாவாடையும் அக்காவின் தேனீக்களும்

தலைக்கு மேலே கரண்டுக் கம்பி 'ங்ங்' என்று இரைவதுபோல ஒரு சத்தம் கேட்டால், எங்கள் தெருவில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். என் அக்கா மட்டும் வெளியே ஓடுவாள். வல்லம் வடகால் பக்கம் வயல்களில் ஒவ்வொன்றாகக் கம்பெனிச் சுவர் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. வெட்டுப்பட்ட மரங்களின் பொந்துகளிலிருந்து கிளம்பிய தேனீக்கள், மாசி பங்குனியில், மிச்சமிருந்த புளியமரக் கிளைகளில் கொத்துக் கொத்தாக வந்து தொங்கும்.

அக்கா பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள், நான் ஏழாவது. அவளுக்கு விவசாயக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பள்ளிக்கூடத்துக்கு வந்த ஓர் அதிகாரி தேனீ வளர்ப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போனதிலிருந்து பிடித்த பைத்தியம். கருவிக்கு எங்கே போவாள்? அம்மாவின் பழைய உள்பாவாடையின் அடிப்பக்கத்தைத் தைத்து அடைத்தாள். நாடாவுக்குச் சற்றுக் கீழே கம்பி வளையம் வைத்துத் தைத்து, அதை மூங்கில் கழியின் நுனியில் கட்டி, நாடாவோடு ஒரு நீளக் கயிற்றை முடிந்து கீழே விட்டாள். பாதி மரம் ஏறி, கொத்துக்கு அடியில் அந்தப் பையை நீட்டி, கழியாலேயே கிளையை ஒரு முட்டு முட்டினால் மொத்தமும் பொத்தென்று உள்ளே விழும். கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். "ராணி உள்ள வுழுந்தா போதும்டி, மத்ததெல்லாம் தானா வரும்" என்பாள். கம்பெனிக்காரன் தூக்கிப்போட்ட, சரக்கு அடுக்கும் பேலட் கட்டையில் அவளே அடித்த மூன்று தேனீப் பெட்டிகள் வீட்டுக் கொய்யா மரத்தடியில் இருந்தன. அம்மாவும் சிரித்துக்கொண்டே விட்டுவைத்திருந்தாள்.

கெடுத்தது நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் எதிரே மூன்று ஆள் உயரத்தில் ஏறி நின்று அவள் ஒரு கூட்டத்தைப் பிடித்ததை அப்பாவின் போனில் வீடியோ எடுத்தேன். என் அக்கா எவ்வளவு கெட்டிக்காரி என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? வாயாவது சும்மா இருந்ததா? "அது பை இல்ல, எங்கம்மா பாவாட! நாடாவ இழுத்தா மூடிக்கும்!" என்று கத்திக்கொண்டே எடுத்து, அப்படியே ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன்.

மறுநாள் டீக்கடையில் ஒருவன் அப்பாவைப் பார்த்து, "இன்னாபா, உன் வூட்டுப் பாவாட இன்னிக்கு எந்த மரத்துல பறக்குது?" என்று கேட்டிருக்கிறான். கேட்டுச் சிரித்தவர்களில் பாதிப் பேர், தங்கள் வீட்டு மரத்தில் தேனீ இறங்கியபோது அக்காவுக்குத்தான் ஆள் அனுப்பியவர்கள். தூ! அன்று சாயங்காலமே படப்பையிலிருந்து சித்தப்பா வந்து குதித்தார். "பொட்டப் புள்ள வூட்டு மானத்தக் கழியில கட்டித் தூக்கிக்கினு கீது, நீ பாத்துக்கினு கீறியா?" அப்பா எழுந்துபோய்ப் பெட்டிகளின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். அம்மா என்னைப் பிடித்து உலுக்கி, "அந்த வாய மூடிக்கினு இருந்திருக்கக் கூடாதாடி, பாவி?" என்று அழுதாள். அக்கா என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். பன்னிரண்டாவது பரீட்சை முடிந்த மாதமே அவளுக்குக் கல்யாணம் செய்து மணிமங்கலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கல்லூரி விண்ணப்பம் வாங்கக்கூட யாரும் போகவில்லை.

அவளுக்குக் கிடைக்காத படிப்பு எனக்குக் கிடைத்தது. டிப்ளமோ முடித்து, அந்த வயல்களின் மேலேயே எழும்பிய ஒரு கம்பெனியில் இன்று உற்பத்தி லைனில் நிற்கிறேன். புளியமரங்கள் போய்விட்டன, கொய்யா மரம் போய்விட்டது, அந்த வீடியோ மட்டும் எவன் போனிலாவது இன்னும் இருக்கும். போன மாதம் கேண்டீன் பக்கத்து வாகை மரத்தில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. மருந்தடிக்க ஆள் வருகிறது என்றார் சூப்பர்வைசர். மனசு கேட்காமல் அக்காவுக்குப் போன் போட்டு, "எப்படிப் புடிக்கணும்னு சொல்லுக்கா, நான் எடுத்துடறேன்" என்றேன். அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரர், "இன்னாவாம்?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"ஒண்ணுமில்லங்க, ஏதோ தேனீயாம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என்னிடம் கேட்டாள்: "எனக்கு இன்னாடி தெரியும் அதெல்லாம்?"