பனி மறைத்த இருபது விநாடி

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "நான் பார்த்தேன், அது கடிக்கவில்லை." சொல்வதற்கு இரண்டு முறை வாய்ப்பு வந்தது. இரண்டு முறையும் பேனாவை மூடிக் கையில் பிடித்தபடி இருந்துவிட்டேன்.

1985 ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் மலேசியாவின் கேமரன் மலைக்குப் போனேன். ஈப்போவில் என் பக்கத்து வீட்டுக்காரர் இராஜரத்தினம் ஐயா, போலீஸ் நாய்ப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். காவல் நாய்ப் போட்டிகளுக்கு நடுவர். நடுவர் நாயிடமிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அதனால் அவர் சொல்லச் சொல்ல மதிப்பெண் அட்டையில் எழுத ஓர் ஆள் வேண்டும். வழக்கமாக எழுதுபவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நான் பள்ளி ஆசிரியை, கையெழுத்து புரியும்படி இருக்கும், அவ்வளவுதான் தகுதி.

ஐயாவின் காரில் கூடாரத் துணிகளும் கம்பிகளும் நிறைந்திருந்ததால் நான் பஸ்ஸில் போனேன். வெள்ளிக்கிழமை காலை 8.15க்கு ஈப்போவில் ஏறி 9.30க்குத் தாப்பா, கட்டணம் இரண்டு வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து பத்து மணி பஸ், மூன்று வெள்ளி. அறுபது கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகள். மடியில் தடிமனான நாவல் ஒன்றை வைத்திருந்தேன். மூன்றாம் பக்கத்தில் வயிறு மறுத்துவிட்டது. புத்தகப் பிரியர்களே, புத்தகத்தைப் பையிலேயே விட்டுவிடுங்கள். 12.10க்குத் தானா ராத்தா. மருத்துவமனைச் சாலையில் பதினைந்து வெள்ளிக்குச் சுத்தமான அறை கிடைத்தது. வெந்நீர் ஒரு வாளி.

சனிக்கிழமை ஏழு மணிக்கு டாக்சி. பிரிஞ்சாங்கைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்து மண்சாலையில் மொத்தம் பதின்மூன்று கிலோமீட்டர், எட்டு வெள்ளி. நாய்ப் போட்டிக்கு என்றதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நாய் எங்க தங்கச்சி?"

"நான் எழுதத்தான் போறேன்."

"அப்ப சரிலா. என் சீட்டு தப்பிச்சுது."

தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே இருந்த பந்துத் திடலில்தான் போட்டி. ஏழு நாய்கள். தேடுதலும் கீழ்ப்படிதலும் காலையில் முடிந்தன. காவல் பகுதி கடைசி. திடலில் ஆறு துணி மறைப்புகள் நிற்கும். சணல் சுற்றிய தடித்த கையுறை போட்ட ஒருவர் அவற்றில் ஒன்றில் ஒளிந்திருப்பார். நாய் அவரைக் கண்டுபிடித்துக் குரைக்க வேண்டும், தொடக் கூடாது. அவர் ஓடினால் கையுறையைக் கவ்வ வேண்டும். நாய்க்காரர் ஒரே ஒரு முறை "விடு" என்றதும் விட்டுவிட்டு, அவரைப் பார்த்தபடி உட்கார வேண்டும். கவ்வத் தெரியாமல் தோற்கும் நாய் குறைவு, விடத் தெரியாமல் தோற்பதுதான் அதிகம் என்றார் ஐயா. எனக்கும் ஒரு விதி வைத்தார்: "நான் சொல்றத மட்டும் எழுதும்மா. நீ பாத்தத எழுதாத."

எனக்கு முதல் தேநீர் கொண்டுவந்து கொடுத்தவர் அந்தோணி அண்ணன், அந்தத் தோட்டத்துத் தொழிலாளி. பதினொரு வருஷம் மலையில் களைக்கொல்லி அடித்தவர். நெஞ்சு கெட்டுப்போய், ஆறு மாதமாகத் தொழிற்சாலையில் தற்காலிகக் காவல், அங்கே அதை 'ஜாகா' என்பார்கள். அவருடைய ராணி என்ற அல்சேஷன் காவல் பகுதியில் நூற்றுக்கு எண்பது எடுத்தால் வேலை நிரந்தரம் என்று தோட்ட நிர்வாகியான துரை சொல்லியிருந்தார். புதிய துரை தமிழர்தான், ஆனாலும் துரை என்றே கூப்பிட்டார்கள்.

"பாஸ் ஆனா ஜாகா வேல நமக்கு. இல்லன்னா திங்கக்கெழம மறுபடி மருந்து டிரம்மு" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு இருமினார்.

ராணியின் முறை ஏழாவது. இரண்டரை மணி ஆகிவிட்டது. கையுறைக்காரர் குமார், திரிங்காப்பில் காய்கறி லாரி ஓட்டுபவர். அவர் ஓடத் தொடங்கியதும் மேட்டிலிருந்து ஒரு குரல்: "டேய் குமாரு, முட்டகோஸ் ஏத்திக்கிட்டா ஓடுற?" எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓட்டத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி ஐயாவிடமிருந்து பிரிந்துவிட்டேன். அப்போது சரிவிலிருந்து பனி ஏறி வந்து திடலை மூடியது.

பத்தடி தூரத்தில் இருந்ததால் எனக்கு மட்டும் தெரிந்தது. அண்ணனின் "விடு" எங்கிருந்தோ கேட்டது. கவ்வியிருந்த கையுறையை ராணி உடனே விட்டு உட்கார்ந்தது. பின்வாங்கிய குமார் ஈரப்புல்லில் வழுக்கி விழுந்தார். கையுறை கழன்று உருண்டது. வெறும் கை நாயின் முகத்துக்கு நேரே கிடந்தது. ராணி அசையவில்லை. குமார் மெல்ல எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டார். பனி விலகியது. மொத்தம் இருபது விநாடி இருக்கலாம்.

"விட்டுச்சா?" என்று ஐயா அண்ணனிடம் கேட்டார்.

"தெரியலங்க ஐயா. எனக்கும் மறைச்சிருச்சு."

விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பார்க்காததற்கு மதிப்பெண் போட முடியாது என்று ஐயா அந்தப் பயிற்சியை மறுபடி செய்யச் சொன்னார். அது நியாயம்தான். ஆனால் களைத்திருந்த ராணி இம்முறை இரண்டாவது "விடு"க்குத்தான் விட்டது. ஐயா சொன்னார், நான் எழுதினேன்: எழுபத்தேழு.

தேநீர் மேசையில் துரைக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. பாலில்லாத தேநீரின் மணத்தைப் பற்றி அவரிடம் பேசினேன். பேச வேண்டியதைப் பேசவில்லை. நடுவரை மீறிப் பேசுவதாகிவிடும் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். போட்டி முடியும்வரை வாய் திறக்கக் கூடாத குமார் அப்போதுதான் வந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

"துரை, மார்க்கப் பத்தி நான் பேசல. பனியில விழுந்தேன், உறை கழண்டுபோச்சு. இந்தக் கைய அது தொடல. நாளைக்கு லாரி ஓட்டப் போறேன்னா அதனாலதான்."

"யாரு பாத்தா?"

குமார் என்னைக் காட்டினார். துரையும் ஐயாவும் திரும்பினார்கள். ஆம் என்று தலையசைத்தேன். ஐயா அட்டையைத் திருத்தவில்லை. "மார்க்கு என்னுது. ஆளு எடுக்குறது உங்க வேல" என்று மட்டும் துரையிடம் சொன்னார்.

என் கூச்சத்தை எத்தனையோ பேர் அடக்கம் என்று பாராட்டியிருக்கிறார்கள். அதன் விலையை அன்று வேறொருவர் கொடுத்திருப்பார். தனக்குப் பாதகம் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்ன அண்ணனுக்கும், விதியை வளைக்காத ஐயாவுக்கும், எனக்குப் பதிலாகப் பேசிய குமாருக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: தோட்டத்தில் பார்க்க வேண்டியதை மதியத்துக்குள் பாருங்கள், அதற்குமேல் பனி எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. கம்பளிச் சட்டையோடு பிடிப்புள்ள காலணியும் வேண்டும். திரும்பும் டாக்சியைக் காலையிலேயே பேசிவைத்துவிடுங்கள். நான் குமாரின் லாரியில்தான் இறங்கினேன்.

திங்கட்கிழமையிலிருந்து அந்தோணி அண்ணன் தொழிற்சாலைக் காவலில் நிரந்தரமானார்.