நான் பார்க்காத பின் சக்கரம்

நேற்று ஒரு டாக்ஸி வந்தது. பின் டயரில் உள்ளங்கையை வைத்து இந்தப் பக்கம் தடவினேன், வழவழவென்று இருந்தது. அந்தப் பக்கம் தடவினேன், ரம்பம். சக்கரம் கோணலாக ஓடினால் ரப்பர் அப்படித்தான் தேயும். டிரைவர் ஏதோ கேட்டார். என் காதில் விழவில்லை. அந்தப் பழைய பயம் வந்து உட்கார்ந்துவிட்டது.

உங்களிடம் சொல்வதற்கு என்ன. நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தை விட டயரை நன்றாக வாசிப்பேன். அந்த ஒரு தடவைதான் வாசித்தும் விட்டுவிட்டேன்.

ஏழெட்டு வருசம் இருக்கும். அப்போது வத்தலக்குண்டு ரோட்டில் நானும் என் மாமன் மகன் சேதுவும் ஒரு தகர ஷெட் வைத்திருந்தோம். வீல் அலைன்மென்ட். மெஷின் கிடையாது. நூல்தான், டயரை ஒட்டிக் கட்டி நேர் பார்ப்போம். சின்னாளபட்டியில் தறி போட்டிருந்த ஒருவர் கொடுத்த பாவு நூல். கஞ்சி வாசம் அடிக்கும். மழை நாளில் தொய்ந்துவிடும், வெயில் வரும் வரை வேலை கிடையாது, நானும் சேதுவும் தாயம் ஆடுவோம். அவன் கள்ளாட்டம் ஆடுவான்.

அந்த ஷெட்டில் எங்களுக்கு ஒரு பழக்கம். பின் சக்கரத்தைப் பார்ப்பதில்லை. சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். எங்களிடம் வந்த கார்களில் பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரே இரும்பு, உலக்கை போல. திருப்பி வைக்க அதில் ஒன்றும் கிடையாது. ஸ்டியரிங் கோணலா, முன் சக்கரத்தைத் திருப்பு. ஸ்டியரிங் நேராகிவிட்டதா, அனுப்பு. அவ்வளவுதான் எங்கள் படிப்பு.

ஒரு காலையில் ஷெட்டுக்குள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நுழைந்தது. இரண்டே சீட்டு. தரையோடு தரையாகக் கிடந்தது.

சேது வாயைப் பிளந்தான். "ஏலே, இம்புட்டுப் பெரிய மகராசன் நம்ம ஷெட்டுக்கு வந்திருக்கான். சூடம் கொளுத்தவா?"

"மொதல்ல வாய மூடு. ஈ போகுது."

ஒரு தம்பதி. கொடைக்கானல் போகிறவர்கள். ஸ்டியரிங் இடப்பக்கமாகக் கோணி நிற்கிறது என்றார் கணவர். எப்போதும் போல முன் சக்கரத்தைத் திருப்பினேன். ஸ்டியரிங் நேராக நின்றது. எழுந்திருக்கும்போது பின் டயரில் கை ஊன்றினேன். ரம்பம் போல அறுத்தது. அகலமான டயர், வெளிநாட்டு டயர், அப்படித்தான் இருக்கும்போல என்று கையைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் மட்டும் காரில் ஏறவில்லை. எனக்கு நேராக வந்து நின்றார்.

"அண்ணே, எனக்கு மலைன்னாலே பயம். வண்டி சரியா இருக்குல்ல?"

"தாராளமா போங்கம்மா. சரியா இருக்கு."

போய்விட்டார்கள். வாசலில் புழுதி அடங்க அப்போதுதான் சேது தண்ணீர் தெளித்திருந்தான். ஈரமண்ணில் டயர்த் தடம் அச்சு வார்த்தது போல இருந்தது. நான் சும்மாதான் பார்த்தேன். முன் சக்கரத் தடத்துக்குப் பின்னாலேயே பின் சக்கரத் தடம் போக வேண்டும். போகவில்லை. ஒரே பக்கமாக ஒரு விரல் அகலத்துக்கு ஒதுங்கி, நாய் பக்கவாட்டில் ஓடுவது போலப் போயிருந்தது. கோணல் பின்னால் இருந்திருக்கிறது. நான் முன்னால் உள்ளதைத் திருப்பி அதை மறைத்து அனுப்பியிருக்கிறேன்.

நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. மலை வளைவில் பின்பக்கம் வெளியே வீசும். வெளியே என்றால் பள்ளம்.

அவர் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

செம்பட்டி டீக்கடையில் நிறுத்திக் கேட்டேன். "அண்ணே, தவளை கணக்கா பம்மிக்கிட்டு ஒரு செவப்புக் காரு போச்சா?"

"போச்சுப்பா. ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டி நின்னுருச்சு. நாலு பேரு தூக்கிவிட்டோம். அஞ்சாவது ஆளு போட்டோ எடுத்தான்."

"எம்புட்டு நேரம் இருக்கும்?"

"செத்த முன்னாடிதான். எதையாச்சும் விட்டுட்டுப் போய்ட்டாரா?"

"ஆமா."

சேவுகம்பட்டி தாண்டியதும் எதிரே ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. சோளக்காட்டு ஓரம் நின்று வாந்தி எடுத்தேன். பிறகு ஓட்டினேன்.

மலை ஏறும் இடத்தில், இளநீர்க்கடை வாசலில், சிவப்பாக நின்றது. அந்தப் பெண் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன்.

கணவர் கிட்டே வந்தார். "என்னண்ணே, எதையாவது மறந்துட்டு வந்துட்டோமா?"

"நாந்தான் சார் மறந்துட்டேன். பின்னாடி வீல நான் பாக்கல."

"சரியா இருக்குன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். பாக்கல."

இளநீர்க்காரரின் சாக்கை விரித்துப் படுத்து உள்ளே கையை விட்டேன். இந்தக் காரில் பின் சக்கரம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருப்பி வைக்கலாம், அதற்கென்று ஒரு போல்ட் இருக்கிறது. அதன் நட்டு தளர்ந்து, இரண்டு விரலுக்கே திரும்பியது. டயரின் உள்விளிம்பில் ரப்பரே இல்லை, கம்பி எட்டிப் பார்த்தது.

அந்தப் பெண்ணும் குனிந்து பார்த்தார். "இதோடதான் தாராளமா போகச் சொன்னீங்களா?"

நான் சாக்கை விட்டு எழுந்தேன்.

கணவருக்கு அறை புக் பண்ணியிருந்த அவசரம். "இறுக்கிக் குடுங்க. மெதுவா போய்க்கிறேன்."

"இறுக்கினாலும் கோணல் போகாது சார். டயரும் தாங்காது."

"உங்க பேச்ச இனிமே கேக்கணுமா? தள்ளுங்க."

ஏறி ஸ்டார்ட் செய்தார். நான் காருக்கு முன்னால் போய் ரோட்டில் உட்கார்ந்தேன். ஹாரன் அடித்தார். காது அடைத்தது. எழுந்திருக்கவில்லை. தைரியம் என்று எண்ணிவிடாதீர்கள். எழுந்தால் வண்டி போய்விடும், அவ்வளவுதான்.

"யோவ், செத்துத் தொலையப் போறியா?"

இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "சார், அந்த ஆளு மூஞ்சியப் பாருங்க. பொய் சொல்ற மூஞ்சியா அது?"

அந்தப் பெண் காரிலிருந்து தன் பையை எடுத்தார். ரோட்டைக் கடந்துபோய், வந்த கொடைக்கானல் பஸ்ஸுக்குக் கை காட்டினார். கணவர் இரண்டு பக்கமும் பார்த்தார். என்ஜினை அணைத்து, சாவியை என் கையில் தராமல் பானட் மேல் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

காரை லாரியில் ஏற்றி ஷெட்டுக்குக் கொண்டு வந்தேன். டயர் மாற்றி, மூன்று நாள் போராடினேன். நூலை டயரில் ஒட்டிக் கட்டாமல் தள்ளிக் கட்டி, பின் சக்கரத்தை முதலில் நேராக்கி, அப்புறம் முன்னால். அது வரைக்கும் எங்கள் ஷெட்டில் யாரும் அப்படிச் செய்ததில்லை. அவர்கள் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி வந்து காரை எடுத்துப் போனார்கள். கணவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண் கண்ணாடியை இறக்கி, "போயிட்டு வாரோம்ண்ணே" என்றார்.

அந்த ஷெட் இப்போது இல்லை, ரோடு அகலமானதில் போயிற்று. சேது திருப்பூர் போய்விட்டான். எனக்கு மெஷின் வந்துவிட்டது, பின் சக்கரத்தையும் சேர்த்து நாலுக்கும் பச்சை விளக்குக் காட்டும். இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பது. எனக்கென்று போனது வேறு ஒன்று. அந்தக் காலத்தில் வண்டி வாசலைத் தாண்டினால் அதோடு மறந்துவிட்டு டீக்கடைக்கு நடப்பேன். இப்போது சாயங்காலம் ஒவ்வொருவருக்கும் போன் போடுகிறேன், ஊர் போய்ச் சேர்ந்தீர்களா என்று. சிலர் எரிந்து விழுவார்கள். விழட்டும். அவர்கள் எடுக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் மணி அடிக்கிறதே, அப்போது நான் மூச்சு விடுவதில்லை.