ஸ்டோரில் வெந்த பீர்

ஏலக்காயின் பச்சை வெளுக்காமல் ஒரு வருஷம் வைத்திருக்கத் தெரிந்தவன் நான். இருட்டு வேண்டும், காற்றுப் படக் கூடாது. போடியில் இது தெரியாத வியாபாரி கிடையாது என்றாலும் நானே கண்டுபிடித்ததுபோல் பேசுவேன். பீர் விஷயத்திலும் அதே வாய்தான். வெயில் பட்டால் நாறும், கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது, சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும். யாரும் கேட்காமலே சொல்லுவேன்.

அந்த வாயால்தான் மச்சினனை இழந்தேன். மனைவியின் தம்பி, பெங்களூரில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் அவனுடைய புது வீட்டில், ஆபீஸ் நண்பர்கள் நடுவே, அவன் ஆசையாய் ஊற்றிக் கொடுத்த பீரில் ஒரு வாய் குடித்துவிட்டு, "வெயில்ல வச்சிருந்தியா மாப்ளே?" என்று கேட்டு மீதியை சிங்க்கில் கொட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அதன்பிறகு எங்கள் வீட்டு வாசலை அவன் மிதிக்கவே இல்லை. அக்காவிடம் மட்டும் போனில் பேசுவான். நான் பக்கத்தில் டிவி பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன ஐப்பசியில் வருகிறேன் என்றான். "இந்தத் தடவையும் வாயைத் திறந்தீங்க, அவன் இனி வரவே மாட்டான்" என்றாள் மனைவி. வாயை மூடிக்கொண்டு நல்ல பீராகக் கொடுத்துச் சமாதானமாகிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பத்து நாள் முன்பே ஆறு பாட்டில் வாங்கி, குரங்கணிக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு ஜீப்பில் கொண்டுபோனேன். வீட்டு பிரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் என்னையும் சேர்த்து வெளியே வைத்துவிடுவாள். தோட்டத்தில் பச்சைக்காயை உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறது. ஜன்னல் கிடையாது, பட்டப்பகலிலும் கும்மிருட்டு. அடுப்பு எரியாதபோது தரை ஜில்லென்றிருக்கும். மூலையில் பாட்டில்களை வைத்துச் சாக்கால் மூடி, யாரும் தொடக் கூடாது என்று மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

மச்சினன் தோட்டத்துக்கு வந்த அன்று பாட்டில்களை ஓடைத் தண்ணீரில் மூன்று மணி நேரம் போட்டு வைத்தேன். கிளாஸ்களைச் சாம்பலால் தேய்த்துக் கழுவினேன். சாய்த்து ஊற்றினேன். இரண்டு விரல் நுரை நின்றது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவனிடம் ஒரு கிளாஸைக் கொடுத்துவிட்டு நானும் ஒரு வாய் குடித்தேன். அட்டைப்பெட்டியை ஊறவைத்த தண்ணீர்போல் இருந்தது.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் அசரவில்லை.

"நீங்கதானண்ணே போனு போட்டு, மழை வருது, காயை வெரசா ஸ்டோர்ல ஏத்தி அடுப்பை மூட்டுங்கன்னீங்க? மூணு லோடு காய வச்சோம். பாட்டில ஒருத்தரும் தொடலண்ணே."

உண்மைதான். மூன்று தடவையும் போடியில் உட்கார்ந்துகொண்டு போன் செய்தவன் நானே. காயைப் பற்றி யோசித்தபோது, அந்தச் சூட்டில் பீரும் சேர்ந்து வேகும் என்ற ஞாபகம் வரவே இல்லை.

மச்சினன் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தான். கிளாஸை வாங்கக் கை நீட்டினேன்.

"கெட்டுப்போச்சு மாப்ளே. கொட்டிரு."

"நீங்க ஊத்துனது மாமா. கொட்ட மாட்டேன்."

மனைவியின் உத்தரவை மீறி வாயைத் திறந்தேன். "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு மாப்ளே."

அவன் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, காலி கிளாஸை என் முன்னால் நீட்டினான்.

"சாய்ச்சு ஊத்துங்க மாமா. நுரை நிக்கணும்ல?"

ஊற்றினேன். கிளாஸை விட்டு அவன் முகத்தைப் பார்த்ததில் நுரை அவன் விரலெல்லாம் வழிந்தது.