அடியை அங்குலமாக்கிய வருஷம்

எங்கள் பெண் குழந்தை இறந்த பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியாமல் போயிற்று. அறுபதுகளின் கடைசி அது. அருப்புக்கோட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் நான் கடைசல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு அப்போதுதான் பல் முளைக்கத் தொடங்கியிருந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தோளில் போட்டுக்கொண்டு போனோம். திரும்பும்போது துணியில் சுற்றிக்கொண்டு வந்தோம்.

தொட்டில் சேலையை எடுத்து மடித்து வைத்த என் மனைவி, அது தொங்கிய கயிற்றை மட்டும் அவிழ்க்க விடவில்லை. வீடே ஒற்றை அறை. எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் கயிறு கண்ணில் படும். அவள் பகலில் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். அது நெசவுக்காரர் வீடு; வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ். அந்த வீட்டு அக்காவோடு உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுப்பாள். அவளுக்கு உட்கார முடிந்தது. எனக்கு முடியவில்லை.

பட்டறை முடிந்ததும் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். மல்லாங்கிணறு போகும் பஸ்ஸில் ஏறுவேன். அங்கே இறங்கி, எதிரே வரும் பஸ்ஸில் ஏறித் திரும்புவேன். பஸ் ஓடுகிற வரைக்கும் நெஞ்சு கொஞ்சம் அடங்கும். நின்றால் மறுபடி ஆரம்பித்துவிடும். ஒருநாள் கண்டக்டர் கேட்டே விட்டார்.

“அண்ணாச்சி, அடிக்கடி வாரீக, ஒடனே திரும்புறீக. யாரைத்தான் பாக்க வாரீக?”

“ஒரு ஆளு வரணும். இன்னும் வரலை” என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி என்னைப் பாளையம்பட்டிப் பக்கம் ஒரு ஜின்னிங் ஆலைக்கு அனுப்பினார். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஆலை. மின்சார மோட்டார் வந்து பல காலம் ஆனதால் அங்கிருந்த நீராவி இன்ஜினைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். அதன் பேரிங்குகளில் இருந்த கன்மெட்டல் என்கிற வெண்கலத்துக்காக முதலாளி அவற்றை மட்டும் வாங்கியிருந்தார். கழற்றிக்கொண்டு வருவது என் வேலை.

தனிக் கொட்டகையில், புறா எச்சத்துக்கு நடுவே அது நின்றது. சக்கரம் என்னைவிட ஒன்றரை மடங்கு உயரம். நான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஆவி எங்கே நுழைகிறது, எதைத் தள்ளுகிறது, எது எதைத் திருப்புகிறது என்று ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் போனேன். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை என்பது வெயில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அத்தனை நேரமும் எனக்கு வேறு நினைப்பே வரவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அதை விட மனம் வரவில்லை. நினைப்பில்லாத அந்த நேரம் இன்னும் வேண்டியிருந்தது. காவல்காரரிடம் கேட்டு மறுநாளும் போனேன். ஆலையில் கிடந்த அட்டைத் துண்டுகளில் ஒவ்வொரு பாகத்தையும் வரைந்து அளவு எழுதினேன். ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று வைத்துக்கொண்டால் அந்தச் சக்கரம் ஒரு சாண் அளவுக்கு வந்துவிடும். சாப்பாட்டுத் தட்டுப் போன்ற பிஸ்டன் ஒரு ரூபாய்க் காசு அளவாகும். பிஸ்டனைத் தாங்கும் தண்டு பென்சிலைவிட மெலிந்துபோகும். போல்ட்டுகள் தீக்குச்சி மாதிரி.

இன்ஜினைச் சின்னதாகச் செய்யப் போகிறேன் என்றதும் முதலாளி சிரித்தார். “சாப்பாட்டு நேரத்துல செஞ்சுக்க. நம்ம வேலை கெடாமப் பாத்துக்க” என்று மட்டும் சொன்னார்.

வேலைக்குக் குறைவில்லாத காலம் அது. மழை பொய்த்ததால் சுற்றுவட்டாரம் முழுக்கக் கிணறுகளைத் தோண்டி ஆழமாக்கினார்கள். மணலும் தண்ணீருமாக இறைத்துப் பம்புகளின் ஷாஃப்டுகள் தேய்ந்துபோய் எங்களிடம் வரும். அந்தப் பெரிய ஷாஃப்டுகளுக்கான லேத்தில், சாப்பாட்டு நேரத்தில், தீக்குச்சி கனத்தில் போல்ட் கடைந்தேன்.

சின்னதைக் கடைவது பெரியதைக் கடைவதைவிடச் சுலபம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் மெல்லிய கம்பியில் டூல் பட்டதும் கம்பி வளைந்து விலகிக்கொள்ளும். டூல் போன பிறகு பார்த்தால் இரண்டு முனையும் சரியாக இருக்கும், நடு மட்டும் பருத்திருக்கும். டூலை உளிபோல் கூராகத் தீட்டி, மயிரிழை மயிரிழையாக எடுக்க வேண்டும். எனக்கு எங்கே பொறுமை? கொஞ்சம் அதிக ஆழமாகக் கொடுத்துவிடுவேன். டிக்கென்று ஒரு சத்தம். தண்டு முறிந்து கூரைத் தகரத்தில் அடித்து எங்கோ விழும். மறுபடி ஒரு கம்பியை எடுத்து லேத்தின் பிடிச் சக்கில் மாட்டுவேன். நிதானம் வரும்வரை காத்திருக்கவும் மாட்டேன்.

பரளச்சியிலிருந்து தன் தோட்டத்துப் பம்பு ஷாஃப்டுக்காக வந்து காத்திருந்த ஒரு சம்சாரி இதையெல்லாம் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இம்புட்டூண்டா இருக்கே, இது எந்தக் கெணத்துக்கு?”

“எந்தக் கெணத்துக்கும் இல்லண்ணே. நீராவி இன்ஜின். சின்னதா.”

“தண்ணி எறைக்குமா?”

“எறைக்காது.”

“சரி, எனக்குள்ளதை முதல்ல முடிச்சுக் குடுங்க. கருது காயுது” என்றார்.

முடித்த பாகங்களைத் தீப்பெட்டிக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். ஒருநாள் சட்டை துவைக்க எடுத்தபோது அது என் மனைவி கையில் கிடைத்தது. நான் வீட்டுக்கு வந்தபோது, நட்டுகளையும் போல்ட்டுகளையும் பித்தளை மூடியையும் தரையில் பரப்பி வைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன இது? பிள்ளை வெளையாடுற சாமான் கெணக்கா இருக்கு” என்றாள்.

வாசலைப் பார்த்துத் திரும்பினேன். கால் தானாகவே வெளியே போகப் பார்த்தது.

“நில்லுங்க. எங்க போறீக?”

நின்றேன்.

“வீட்டுல இருக்க முடியலைன்னா முடியலைன்னு சொல்லிட்டுப் போங்க. நீங்க பஸ்ஸுல போறது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவோட மாப்பிள்ளை பாத்துட்டு வந்து சொன்னாரு. யாரையோ பாக்கப் போறீகன்னு ஊரு பேசுது. நான் ஒருத்தி இந்தக் கயித்தைப் பாத்துக்கிட்டு இங்க உக்காந்திருக்கேன். எனக்கு எந்தப் பஸ்ஸு இருக்கு?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் போயிருப்பேன். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆலை, சக்கரம், அட்டைகள், முறிந்து பறக்கும் தண்டு. இது எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஒரு நட்டை விரல் நுனியில் ஒட்டி வெளிச்சத்தில் பார்த்தாள்.

“இத்தனை சின்னதை எப்படிப் பிடிச்சீக?” என்றாள்.

அதற்குப் பிறகு கைவேலைகளை வீட்டுக்கே கொண்டுவந்தேன். சிலிண்டர் தயாராயிற்று. தேய்ந்துபோன பெல்ட் கப்பி ஒன்றைக் கடைந்து சக்கரம் தயாராயிற்று. பலமுறை முறிந்த பிறகு தண்டும் ஒருவழியாக நேராக வந்தது. என்னை நிறுத்தியது ஒரு சின்னப் பித்தளை வில்லை. சிலிண்டரின் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் இந்த வில்லை முன்னும் பின்னும் நகர்ந்து, ஆவியை ஒரு தடவை பிஸ்டனின் இந்தப் பக்கமும் மறுதடவை அந்தப் பக்கமும் விடும். வில்லையின் அடிப்பாகமும் அது நகரும் தளமும் இடைவெளியே இல்லாமல் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆவி கசிந்து போய்விடும், இன்ஜின் ஓடாது.

அலமாரிக் கண்ணாடித் துண்டு ஒன்றில் உரசும் பசையைத் தடவி அதன்மேல் வில்லையைத் தேய்க்க வேண்டும். அழுத்தாமல், ஒரே சீராக. நான் தேய்த்தால் ஒரு ஓரம் தேய்ந்துவிடும். அதைச் சரிசெய்யப் போய் மறு ஓரம் தேயும். இரண்டு வில்லைகளை அப்படியே கெடுத்தேன். மூன்றாவதைத் தூக்கிச் சுவரில் அடிக்கப் போனபோது அவள் கையை நீட்டினாள்.

“குடுங்க.”

“இது நூல் சுத்துற வேலை இல்ல.”

“நான் நூல் சுத்தப் போறேன்னு சொல்லலையே. குடுங்க.”

முழங்காலை மடித்து உட்கார்ந்து தேய்த்தாள். ஒரு விரலால் தொட்டு நகர்த்தியது போலத்தான் இருந்தது. அவ்வப்போது வில்லையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். நான் எழுந்து நடந்தேன், தண்ணீர் குடித்தேன், வாசலுக்குப் போய்த் திரும்பினேன். அவள் நிமிரவில்லை. சில நாட்கள் அப்படியே போயின. பிறகு புகைக்கரியைத் தளத்தில் பூசி வில்லையை அதன்மேல் வைத்து நகர்த்தி எடுத்துப் பார்த்தோம். அடிப்பாகம் முழுக்க ஒரே கறுப்பு. வெளுப்பாக ஒரு புள்ளிகூட இல்லை. சரியாக ஒட்டியிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் விரலில் இருந்த கரியைச் சேலையில் துடைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கொதிகலனைப் பாத்திரப் பட்டறையில் செம்பில் அடித்து வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லின்மேல் இன்ஜினை வைத்துக் கரி போட்டு மூட்டினேன். என் மாமனார் திருச்சுழியிலிருந்து ரயிலில் வந்திருந்தார். பக்கத்து வீட்டு அக்கா நெசவை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

ஆவி ஏறியது. குழாயைத் திறந்தேன். சக்கரம் முன்னால் கொஞ்சம் போனது, பின்னால் வந்தது, நின்றது. மூட்டுகளில் தண்ணீர் கொப்பளித்தது. நான் வில்லையை நகர்த்தும் கம்பியைத் தளர்த்தி மாற்றினேன். மறுபடி நின்றது. மறுபடி மாற்றினேன். விரல் சுட்டது. எங்கேயோ தப்பு, எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்று ஸ்பேனரைத் தேடினேன்.

“மாப்பிள்ளை, இது என்ன செய்யும்?” என்று மாமனார் கேட்டார். கேலியில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“ஓடும்ப்பா” என்றாள் என் மனைவி.

பிறகு என்னிடம், “கொஞ்சம் சும்மா இருங்களேன். சட்டி சுடாம எண்ணெய் காயுமா? அது இன்னும் சில்லுன்னு இருக்கு” என்றாள்.

சிலிண்டரைத் தொட்டேன். அவள் சொன்னது சரி. உள்ளே போகும் ஆவி குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் தண்ணீராகி அடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. அவசரத்தில் மூளைக்கு எட்டவில்லை. கம்பியைப் பழைய இடத்தில் வைத்து முடுக்கினேன். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு சக்கரத்தை மெதுவாகத் தள்ளினாள். சிலிண்டர் தண்ணீரைத் துப்பியது. மறுபடி தள்ளினாள். துப்பல் குறைந்தது. திடீரென்று சக்கரம் அவள் விரலை விட்டு ஓடியது.

சத்தம் சின்னதாக, சீராக இருந்தது. ஆரக்கால்கள் மறைந்து சக்கரம் ஒரே வட்டமாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா தெலுங்கில் என்னவோ சொல்லி வாயைப் பொத்தினாள். மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தண்ணீர் வற்றுகிறதே என்ற கவலைதான் இருந்தது.

“போதும், நெருப்பை எடுக்கணும்” என்றேன்.

“இன்னும் கொஞ்சம் ஓடட்டும்.”

ஓடவிட்டேன். அவள் அதைப் பார்த்தபடியே குழந்தையின் பெயரைச் சொன்னாள். செத்த நாளிலிருந்து எங்கள் இரண்டு பேர் வாயிலும் வராத பெயர்.

“இருந்திருந்தா இந்நேரம் நடந்திருப்பா. இதைத் தொட்டுக் கையைச் சுட்டுருப்பா” என்றாள்.

“ஆமா. நானும் உங்கிட்ட ஏச்சு வாங்கியிருப்பேன்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நான் கரியை வெளியே இழுத்துப் போட்டேன். சக்கரம் தளர்ந்து தளர்ந்து நின்றது. அன்று சாயங்காலம் நான் செருப்பைப் போட்டபோது அவளும் கூட வந்தாள். ரயில்வே ஸ்டேஷன்வரை நடந்து போய், மானாமதுரை வண்டி போகிறவரை நின்றுவிட்டு வந்தோம்.

மறுநாளே இன்ஜினைக் கழற்றினேன்.

“நல்லாத்தானே ஓடுச்சு. பெறகு எதுக்கு?” என்றாள்.

“எங்கயோ தட்டுது.”

“எனக்குக் கேக்கலையே.”

“எனக்குக் கேக்குது.”

அந்தத் தட்டலை நான் நிறுத்தவே இல்லை. ஒன்றைச் சரிசெய்தால் வேறிடத்தில் கேட்கும். எழுபதுகளின் நடுவில், இரண்டு மகன்கள் பிறந்த பிறகு, பஜாருக்குப் பின்னால் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை போட்டேன். ஆயில் இன்ஜின் வால்வுகளைப் பசை போட்டுத் தேய்த்து உட்கார வைக்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். அவள் தேய்த்த வால்வு கசியாது என்று பரளச்சிப் பக்கத்து ஆட்கள்கூடக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். “அக்கா இருக்காகளா?” என்று வாசலிலேயே கேட்பார்கள். இல்லை என்றால் உட்கார்ந்து காத்திருப்பார்கள். என்னிடம் கொடுக்க மாட்டார்கள்.

அவள் முக்காலியில் உட்கார்ந்தால் மத்தியானம்வரை எழுந்திருக்க மாட்டாள். நான் லேத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.