ஒரே ரவை துரைக்கண்ணு

பிள்ளையார்பாளையம் தாண்டித் திருப்பருத்திக்குன்றம் போகிற சாலையில் துரைக்கண்ணுவின் சைக்கிள் கடை இருந்தது. பஞ்சர் ஒட்டக் கொடுத்தால் ஒட்டித் தருவான். இந்த டியூபை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் எப்படி ஓட்டினாய் என்ற திட்டு இலவசம். காஞ்சிபுரத்துக்கு அவன் சைக்கிள்காரன், அவ்வளவுதான். எங்கள் ஊர் முசரவாக்கத்தில் மட்டும் அவனுக்கு வேறு பெயர் இருந்தது. கை பிசகின வீரபத்திரன் மகன்.

ஆடி மாதம் பொன்னியம்மனுக்குக் கிடா வெட்டுவது அவர்கள் வீட்டு உரிமை. ஒரே வெட்டில் தலை விழ வேண்டும். இரண்டாவது வெட்டு விழுந்தால் ஆத்தாள் ஏற்கவில்லை என்று எங்கள் ஊரில் அர்த்தம். துரைக்கண்ணுவுக்கும் எனக்கும் இருபது வயது இருக்கும்போது ஒரு வருடம் வீரபத்திரனுக்குக் கை பிசகியது. கத்தி பாதிக் கழுத்தோடு நின்றுவிட்டது. இன்னொரு முறை ஓங்கினால் ஊருக்கே ஆகாதே என்று அவர் அப்படியே நின்றார். ஊரும் நின்றது. கிடா வெகுநேரம் துடித்தது. கடைசியில் அதுவாகத்தான் அடங்கியது.

கத்தி பங்காளி வீட்டுக்குப் போனது. வீரபத்திரன் அதற்குப் பிறகு கோயில் பக்கமே போகாமல் இரண்டே வருடத்தில் செத்துப்போனார். துரைக்கண்ணு அந்தக் கத்தியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று வெளியே சொன்னதில்லை. ஆனால் மனதில் அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று கூடவே திரிந்த எனக்குத் தெரியும். நான் டவுனில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவன் கடைதான் எனக்குப் போக்கிடம்.

அறுபத்தேழாம் வருடம் கருட சேவைக்குப் பலூன் சுடும் கடை போட வந்த ஒருவனின் தள்ளுவண்டி அச்சு முறிந்தது. துரைக்கண்ணு அதைச் சரிசெய்து கொடுத்தான். பலூன்காரன் கைம்மாறாக ஒரு பழைய ஏர் கன்னும் அதில் போட ஒரு டப்பா ஈய ரவையும் கொடுத்துவிட்டுப் போனான். துரைக்கண்ணு அதைக் கழற்றி, எண்ணெய் போட்டு, உள்ளே தேய்ந்துபோயிருந்த தோல் வாஷருக்குப் பதில் சைக்கிள் பம்பு வாஷரை வெட்டி வைத்தான். இருபது தப்படியில் பால் டின்னை வைத்துச் சுட்டான். டின் நசுங்கியது. அந்த நசுங்கலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“கண்ணி வெச்சா கால் முறியுது. நாட்டுத் துப்பாக்கின்னா ஒடம்பு பூரா சல்லடையாவுது. இதுல அதெல்லாம் கெடையாது முனிசாமி. ஒரே ரவை. அதுக்குத் தெரியக்கூடத் தெரியாது, நோகாம போய்டும்” என்றான்.

அப்பனின் கிடாவைத்தான் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவனும் நானும், சில நாள் கூடச் சேரும் ஓரிருவருமாக வேகவதி ஆற்றங்கரைக்குப் போனோம். புறா, காடை, மடையான், கடலைக் கொல்லையில் எப்போதாவது ஒரு முயல். குறி பார்ப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தான். ஒரு பறவைக்கு ஒரே ரவைதான். விழுந்தால் ஓடிப்போய் ஒரு திருகில் முடித்துவிடுவான். பறந்துபோனால் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவான். இரண்டாவது ரவை போடமாட்டான், பின்னால் போய்த் தேடவும் மாட்டான். “தப்பிச்சிடுச்சுபா” என்போம். “ஆயுசு இருக்குது, போவட்டும்” என்பான். அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். விழுவதைவிடப் பறந்துபோனவைதான் அதிகம். சுடத் தெரிந்தவனுக்கு இத்தனை எப்படித் தப்புகிறது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கறி ருசியாக இருந்தது. அவன் மனைவி பெரியநாயகி மிளகு தட்டிப் போட்டு வறுப்பாள்.

பேர் பரவியது. ஒரே ரவை துரைக்கண்ணு என்றார்கள். எழுபத்தொன்றாம் வருடம் பங்காளி வீட்டுப் பெரியவருக்குக் கை நடுக்கம் வந்தபோது நாட்டாமை சபாபதி கடைக்கே வந்து, “இந்த ஆடிக்குக் கத்திய நீயே எட்த்துக்கோ, உங்கூட்டுது உனக்கே வரட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். துரைக்கண்ணு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றான். பெரியநாயகி அன்றைக்கே தாய்வீட்டுக்குச் சேதி சொல்ல ஆள் விட்டாள்.

ஆடிக்கு மூன்று வாரம் இருந்தது. காலை வேளை. அன்று அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டு நான் கடையில்தான் இருந்தேன். திருப்பருத்திக்குன்றத்து நயினார் வீட்டு சம்பூர்ணம் அம்மாள் முந்தானையில் எதையோ அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜைனர்கள் தெரு, பறவைக்குத் தானியம் போடாமல் அவர்கள் வீட்டில் பொழுது விடியாது.

“துரைக்கண்ணு, மூக்கு நீளமா ஒரு குறடு வெச்சிருப்பியே, அதைக் கொஞ்சம் குடுப்பா. இதுக்குள்ள ஏதோ இருக்குது, என் கையால எடுக்க வரல.”

முந்தானைக்குள் ஒரு புறா. இறக்கைக்குக் கீழே சதை வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது.

“எப்பத்துலேர்ந்து இப்பிடி?” என்றான்.

“ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்து விழுந்துது.”

அன்றைக்கு வியாழக்கிழமை.

துரைக்கண்ணு குறடைக் கொடுக்கவில்லை. சுடுதண்ணீரில் கழுவி, தானே எடுத்தான். சைக்கிள் வால்வைத் திருகுகிற அதே பதமான கை. சின்ன ஈயத்துண்டு ஒன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏர் கன் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

“பசங்க உண்டிகோல்ல அடிக்கிறாங்கன்னு நெனைச்சுக்கினு இருந்தேன்” என்றார் அந்த அம்மாள். “இது கல்லு இல்லையே.”

“நான்தாம்மா” என்றான் துரைக்கண்ணு.

அவர் முதலில் புரிந்துகொள்ளவில்லை. பிறகு சுவரில் தொங்கிய துப்பாக்கியைப் பார்த்தார். கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீயா? நீ நல்லவனாச்சேப்பா.”

“இந்த மாரி இன்னும் வந்துச்சாம்மா?”

“நாலு வருஷமா வருது. எங்க தெருவுல எல்லார் வூட்லயும் வந்து விழும். சிலது ரெண்டு நாள் இருக்கும், சிலது ஒரு வாரம். கோயில் மரத்தடியில பொதைப்போம்.”

“பொழைச்சது எதுனா?”

“ஒரு மடையான். அது பறக்காது. எங்கூட்டுலதான் நடந்துக்கினு இருக்குது.”

புறா அவன் கையிலேயே செத்தது. அந்த அம்மாள் அதைத் திரும்ப முந்தானையில் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மதியம் சாப்பிடாமல் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டான். கோபத்தில் உடைக்கவில்லை, மெக்கானிக் எப்படிப் பிரிப்பானோ அப்படிப் பிரித்தான். ரவைக்கு வேகம் கொடுக்கிற ஸ்பிரிங் சுருளை வெளியே எடுத்து ஓரத்தைக் காட்டினான். யாரோ அதில் இரண்டு மூன்று சுற்றை வெட்டி எடுத்திருந்தார்கள்.

“பலூன் கடைக்காரன் இப்பிடித்தான் செய்வான்பா, சுடறவன் ஜெயிக்கக்கூடாதுல்ல. அன்னிக்கு நான் வாஷரைத்தான் பாத்தேன், இத்தப் பாக்கல. பலூன் வெடிக்க ஊசி போதும். டின்னு மேல எறகா இருக்குது? எறகு தாண்டி, சதை தாண்டி உள்ள போவ இதுல வேகமே இல்ல. கிட்டப் போய் தலையில வெச்சாத்தான் சாவும். நான் அம்பது தப்படியில நின்னு ஒடம்பைப் பாத்து சுட்டுக்கினு இருந்தேன்.” சுருளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: “எங்கப்பன் ஒரு வாட்டிதான் பாதியில நிறுத்தினான்.”

சபாபதியிடம் நானும் கூடப் போனேன். துரைக்கண்ணு கத்தி வேண்டாம் என்றான். காரணத்தையும் சொன்னான். அங்கே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். குருவிக்கும் கிடாவுக்கும் என்னடா சம்பந்தம் என்றார்கள். நயினார் வீட்டம்மா மந்திரம் போட்டுவிட்டாள் என்று ஒருவன் கேலி செய்தான்.

“சம்பந்தம் இருக்குதுங்க. ரெண்டாவது வெட்டு வெட்டாததாலதான் அது அவ்ளோ நேரம் துடிச்சுது. அத்த மரியாதைன்னு நெனைச்சு நானும் அதையே செஞ்சிருக்கறேன்” என்றான்.

இதைக் கேட்டதும் சபாபதிக்கு முகம் மாறிவிட்டது. கோயில் வழக்கத்தைக் குற்றம் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார். கத்தி பங்காளியின் மகனுக்குப் போனது. பெரியநாயகி பல மாதம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். கத்தி திரும்ப வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அவன் சைவமாகிவிடவில்லை. கறிக்கடையில் வாங்கித் தின்றுகொண்டுதான் இருந்தான். துப்பாக்கிக் குழல் கடையில் துருப்பிடித்த நட்டைக் கழற்ற ஸ்பேனருக்குப் பிடியானது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் ஆற்றுப்பக்கம் போவதை நிறுத்தவில்லை. வெறுங்கையோடு போய்ப் புதர்களுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டு வருவான். பழைய சிறகும் எலும்பும் ஒன்றிரண்டு கிடைக்கும். நானும் கூடவே நடப்பேன்.

அப்படி ஒரு நாள் நடக்கும்போது நின்று கேட்டான். “நீ பக்கத்துலயேதான இருந்த முனிசாமி. எனக்குக் குறியிலயே கண்ணு இருக்கும். நீயாவது பாத்தியா? அடிபட்டுப் பறந்தது எதுனா?”

“இல்லபா” என்றேன்.

நம்பிவிட்டான். எழுபத்தெட்டில் மஞ்சள் காமாலையில் போகிறவரைக்கும் மறுபடி அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமையே பார்த்தேன். அவன் முதன்முதலாகச் சுட்ட புறா ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போனது. கால் ஒரு நூலில் ஆடியது. துரைக்கண்ணு அப்போது துப்பாக்கியைத் தாழ்த்தி அதன் குழலைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டான். உண்மையைச் சொன்னால் அவன் அன்றைக்கே அதைத் தூக்கிப் போட்டிருப்பான். எனக்குக் கறி வேண்டியிருந்தது. அவனோடு அப்படிச் சுற்றுவதும் வேண்டியிருந்தது. ‘தப்பிச்சிடுச்சுபா’ என்று முதலில் சொன்னது நான்தான்.