அப்பா வைத்த பெயர் 'சாட்சிக்காரன்'

கெண்டைக்காலில் சுருக்கென்று குத்தும். குனிந்து பார்த்தால் பாவாடை ஓரமெல்லாம் பழுப்பு ஊசிகள் ஏறியிருக்கும். மேரு என்ற ஊரில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னாலிருந்த திடல் முழுக்க அந்தப் புல்தான். அம்மா 'ஒட்டுப்புல்' என்பார், மலாய்க்காரப் பிள்ளைகள் 'கெமுஞ்சுப்' என்பார்கள், பெரிய வகுப்பு அக்காமார் 'லவ் கிராஸ்' என்று சொல்லிச் சிரிப்பார்கள். அப்பாவுக்கு அது 'சாட்சிக்காரன்'. லோரி ஓட்டிவிட்டு வந்ததும் எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், துணியின் ஓரத்தைத்தான் பார்ப்பார்; ஓர் ஊசி ஒட்டியிருந்தாலும் வெளியே போனதற்கு அதுவே சாட்சி, பெல்ட் கையில் வந்துவிடும்.

பெல்ட்டின் கொக்கி அம்மாவின் புருவத்தைக் கிழித்த மறுநாள், அவர் போலீஸ் நிலையமான பாலாயில் புகார் கொடுக்கக் கிளம்பினார். பெரிய சாலையில் போனால் அப்பாவின் லோரி நிற்கும் இடத்தைத் தாண்டவேண்டும் என்பதால், என்னையும் இழுத்துக்கொண்டு திடலைக் கடந்தார். பாலாய் வாசல்வரை போய், துணிச்சல் வராமல் திரும்பிவிட்டார். படிக்கட்டில் உட்கார்ந்து புல்லையெல்லாம் பிடுங்கினோம். கொசுவத்துக்குள் ஒன்று தப்பிவிட்டது.

"புல்லு சொல்லுதுடி, நீ எங்க போனேன்னு" என்றார் அப்பா, சாவதானமாக. அம்மாவின் தலை சுவரில் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் அப்பாவின் கையைக் கடித்தேன். உதறிய வேகத்தில் என் பல் ஒன்று தெறித்தது.

அப்பா வெளியே போனபிறகு கீழ்வீட்டு அக்கா ஐஸ்கட்டியோடு வந்தார். "சாட்சிக்காரன் கால்ல விழறதவிட சண்டைக்காரன் கால்ல விழறது மேலுன்னு சும்மாவா சொன்னாங்க? பாலாய் கீலாய்னு போவாத லா. புருசன்கிட்டயே மன்னிப்புக் கேட்டுடு."

"யார் கால்லயும் விழறதா இல்லக்கா" என்றார் அம்மா.

மறுநாள் காலை ரத்தக்கறைச் சேலையை மாற்றாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு பெரிய சாலை வழியாகவே நடந்தார். லோரிகளுக்கு நடுவிலிருந்து அப்பா கத்திக்கொண்டே பாய்ந்து வந்தார். அம்மாவின் சேலையைப் பார்த்த மற்ற டிரைவர்கள் அவரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. புகார் கொடுத்தோம், அதன்பிறகு அந்த வீட்டுக்குப் போகவே இல்லை.

இப்போது பிரிக்பீல்ட்ஸில் என்னோடுதான் இருக்கிறார் அம்மா. போன மாதம் வேலையாக மேரு போனேன். திடல் இருந்த இடத்தில் வரிசையாகக் கிடங்குகள், சிமெண்டுத் தரை, பேருக்குக்கூட ஒரு புல் இல்லை. அழிந்துபோன செடிகொடிகளுக்காக உருகுகிறவர்கள் உருகட்டும், எனக்கு மனசு குளிர்ந்துபோனது. வீட்டுக்கு வந்து, "அந்தச் சனியன் பிடிச்ச புல்லு ஒழிஞ்சதும்மா" என்றேன்.

அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். "புல்லு என்னடி செஞ்சுச்சு? அடிச்சது அவன்" என்றார்.

அப்பாவை அம்மா 'அவன்' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.