உள்ளங்காலில் மட்டும் எண்ணெய் இல்லை

தலைத் தீபாவளிக்குப் போன மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் இரண்டே வேலைகள். கூப்பிட்டால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் சாப்பிட வேண்டும். ஓசூரைத் தாண்டித் தளி என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த என் மாமனார் வீட்டில் இரண்டையும் நான் ஒரு குறையும் வைக்காமல் செய்தேன். அதைப் பார்க்கப் பொறுக்காமலோ என்னவோ, மனைவியின் அண்ணன் ஒகேனக்கல்லுக்குப் போகலாம் என்றார்.

"அருவிய எல்லாரும்தான் பாக்கறாங்க. நாம பள்ளத்துக்குள்ள எறங்கிப் பாக்கலாம் மாப்ள. ரெண்டு பக்கமும் செவுராட்டம் பாறை, நடுவுல காவேரி. அண்ணாந்து பாத்தா ஆகாசம் கோவணத் துணியாட்டம் தெரியும்."

ஓசூரில் சைக்கிள் கடை வைத்திருந்த எனக்குப் பள்ளம் என்றால் ரோட்டில் கிடப்பது. அது இருந்தால்தான் பஞ்சர் உண்டு, பிழைப்பு உண்டு. அந்த மரியாதையில் சரி என்றேன்.

மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை. உருளைக்கிழங்கு மூட்டையைத் தனியாகத் தூக்கி வண்டியில் போடுகிற உடம்பு. மாடுகளைக் கன்னடத்திலும், ஆட்களைத் தெலுங்கிலும், மாப்பிள்ளையைத் தமிழிலும் அதட்டுவார். எங்கள் கல்யாணத்தில் முறைப்படி அவர்தான் தாம்பாளத்தில் என் காலை வைத்துக் கழுவினார். கழுவும்போது குனிந்தவாறே, "நல்லாப் பாத்துக்குங்க மாப்ள, இந்தக் கால நான் தொடறது இதான் கடைசி" என்றார். சாஸ்திரிகள் அது ஏதோ மந்திரம் என்று நினைத்திருப்பார்.

பென்னாகரம் வரை பஸ், அங்கிருந்து மாட்டுவண்டி. நான், மனைவி, மச்சான். ஆற்றங்கரையில் இறங்கியதும் முதல் காரியம் எண்ணெய். ஒகேனக்கல் போய் எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் வந்தவனை எங்கள் பக்கத்தில் போய் வந்த கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். கறை படுமே என்று வேட்டி, துண்டு எல்லாவற்றையும் மனைவியிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, கோவணத்தோடு பாறைமேல் படுத்தோம். எண்ணெய் தேய்க்கிற ஆள் நல்லெண்ணெயை ஊற்றி, சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி என்னைப் பிசைந்தார். எனக்கு எலும்புகள் இருந்தன என்பது அன்றுதான் தெரிந்தது. அவர் முடித்தபோது அவை இல்லை.

மச்சானுக்கும் அதே மரியாதை, உள்ளங்காலைத் தவிர. அங்கே விரல் பட்டதும் அவர் உதறிய உதறலில் எண்ணெய்க் கிண்ணம் உருண்டு ஆற்றுக்குப் போயிற்று.

"அங்க மட்டும் வேணாம்யா! கூச்சம்!"

விவரமுள்ளவர்கள் அதன்பிறகு சீயக்காயை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள். மச்சான், "எண்ணெ கொஞ்சம் ஊறட்டும். அதுக்குள்ள பள்ளத்தப் பாத்துட்டு வந்துரலாம்" என்றார். கரையில் மீன் பொரிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் மனைவியை உட்கார வைத்துவிட்டு, எண்ணெய் வழிய வழியப் பரிசலில் ஏறினோம்.

பரிசல்காரருக்குக் கன்னடம்தான் சரளம். நான் சற்று அசைந்தால் போதும், "சும்னே கூத்கொள்ளி சாமி" என்று உட்கார வைப்பார். பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் எழும்பி, சத்தமெல்லாம் தலைக்கு மேலே போய்விட்டது. மச்சான் சொன்ன ஆகாசம் சொன்ன அகலத்தில்தான் இருந்தது. எதிர்ச் சுவரின் அடியில் ஒரு மணல் திட்டு. எங்களை அங்கே இறக்கிவிட்டு, இன்னொரு கூட்டத்தை ஏற்றி வருகிறேன் என்று பரிசல்காரர் போய்விட்டார். மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்ததில், அந்தக் கரை கொஞ்ச நாளுக்கு முன்புதான் மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்திருந்தது. கோவணத்தோடு வேறு ராஜ்யத்துக்குப் போன முதல் மாப்பிள்ளை நான்தான் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

திட்டை ஒட்டி ஒரு பாறை வெடிப்பு. மச்சான் அதற்குள் ஏறிப் பார்க்கப் போனார். எண்ணெய் உடம்பு பாறையில் நிற்குமா? ஒரு பிடி, ஒரு சறுக்கல், 'தொம்'மென்று இறங்கினார். வலது கால் கணுக்கால் வரைக்கும் இரண்டு கற்களுக்கு நடுவில் போய்ச் செருகிக்கொண்டது.

"மாப்ள, கையக் குடுங்க."

கொடுத்தேன். அவர் பிடித்தார். கை வழுக்கிக்கொண்டு தானாகவே என்னிடம் திரும்பி வந்தது. அக்குளில் கைவிட்டுத் தூக்கினேன். மொத்த ஆளும் விலாங்கு மாதிரி நழுவ, நான் மட்டும் மல்லாக்க விழுந்தேன். எழுந்து இடுப்பைப் பிடித்தேன். அங்கேயும் அதே கதை. கட்டி இழுக்கலாம் என்றால் எங்கள் இருவரிடமும் சேர்த்து இரண்டு கோவணம்தான் துணி. அவற்றை முடிந்து பார்க்கலாமா என்றுகூட யோசித்தோம். கரையில் தங்கச்சி இருக்கிறாள் என்று மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தேன். வந்தபோது பச்சையாக இருந்தது இப்போது டீ நிறத்தில் ஓடியது. மேலே எங்கோ மழை. மணல் திட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. மச்சானின் கெண்டைக்காலில் இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

"பரிசலு வந்துரும்ல மாப்ள?"

"வந்துரும் மச்சான்."

இரண்டு பேர் குரலிலும் நம்பிக்கை இல்லை.

எதிர்க்கரை உச்சியில், சுண்டுவிரல் அளவில், என் மனைவி தெரிந்தாள். தொண்டை கிழியக் கத்தினேன். அருவி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி வீசினேன். அவள் சந்தோஷமாகத் திருப்பி வீசினாள். காப்பாத்து என்று காட்ட வாயையும் கையையும் ஆட்டினேன். அவள் இலையில் இருந்த மீனைத் தூக்கிக் காட்டி, ஆயிற்று, வாங்க என்று சைகை செய்தாள்.

"என்ன சொல்றா?"

"மீன் வெந்துருச்சாம்."

மச்சான் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். தண்ணீர் அவர் தொடைக்கு வந்திருந்தது. மூட்டை தூக்குகிற அந்த உடம்பு நடுங்குவதை நான் பார்த்தேன். பார்க்கத்தான் முடிந்தது. நீச்சலும் எனக்குத் தெரியாது. கிணற்றில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு மிதந்ததுதான் என் வித்தை. ஓடிப் போய் ஆள் கூப்பிடலாம் என்றால், பின்னால் எழும்பி நிற்கிற சுவரில் பல்லிதான் ஏற முடியும். அதுவும் எண்ணெய் தேய்க்காத பல்லி.

"மாப்ள," என்றார் மெதுவாக, "தண்ணி இன்னும் ஏறுச்சின்னா நீங்க எதையாச்சும் புடிச்சிக்குங்க. எனக்காக நிக்காதீங்க. அவளப் பாத்துக்குங்க."

அந்த மரியாதையான 'ங்க' எல்லாம் அவர் விடைபெறுவது மாதிரி இருந்தது. அவர் அதட்டியிருந்தால் தேவலை.

வேறு வழி தெரியாமல் கடைசியாக ஒன்று செய்தேன். தண்ணீரில் உட்கார்ந்து, கழுத்து வரை முழுகி, அவர் காலைத் தேடினேன். எண்ணெய் படாத இடம் அது ஒன்றுதான். அதனால்தான் சிக்கிக்கொண்டது என்று என் மூளை சொன்னது. என் தலைமயிரில் ஊறியிருந்த எண்ணெயை வழித்து, கற்களின் சந்தில் விரலை விட்டு, அவர் பாதத்தின் அடியில் தடவினேன். எண்ணெய் தண்ணீரில் மிதந்து போய்விட்டது. விரல் மட்டும் போய்ச் சேர்ந்தது.

"ஐயோ!" என்றார் மச்சான்.

மறுபடி தடவினேன்.

"வேணாம் மாப்ள... ஹா... ஐயோ... டேய்! விடுடா! டேய்ய்!"

சாவு இடுப்பளவில் நிற்க, அந்த மனுஷன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நெளிந்தார், துள்ளினார். நான் விடவில்லை. அவர் உதறிய ஒரு உதறலில், எண்ணெய்க் கிண்ணத்தை அனுப்பிய அதே உதறலில், தோல் உரிய உரியக் கால் வெளியே வந்தது. வந்த வேகத்தில் நேரே என் தாடையில் இறங்கியது.

அப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர்தான். மேலேயா கீழேயா என்று தெரியாமல் உருண்டேன். பிடிக்க நீட்டிய கையில் பாறைகள் ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டு போயின. திடீரென்று இடுப்பில் சுளீர் என்று ஓர் இழுப்பு. பரிசல்காரர் என் கையைப் பிடிக்கவில்லை, தோளைப் பிடிக்கவில்லை. என் உடம்பில் எண்ணெய்க்கு அடங்காத ஒரே பொருளான அரைஞாண் கயிற்றைப் பிடித்திருந்தார். பரிசலில் இருந்த கூட்டம் என்னை உள்ளே இழுத்துப் போடப் பார்த்தது. வழுக்கி வழுக்கி விழுந்தேன். கடைசியில் விட்டுவிட்டார்கள். கயிற்றில் கட்டிய எருமைக் கன்று மாதிரி பரிசலின் ஓரத்தில் தொங்கிக்கொண்டே போனேன். மச்சானை மட்டும் எப்படியோ உருட்டி உள்ளே போட்டார்கள். அவர் காலைப் பிடித்துக்கொண்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள," என்றார் குனிந்து, "டேய்னு சொல்லிட்டேன்."

"பரவால்ல மச்சான். அறுந்துடுமான்னு கயித்தப் பாருங்க."

மேலே பாறை உச்சியில் என் மனைவி நின்றிருந்தாள். அண்ணனும் புருஷனும் பள்ளத்தில் சிரித்துக் கும்மாளம் போட்டதை எல்லாம் பார்த்துவிட்டாள் போல. முகம் முழுக்கச் சிரிப்பு. மீன் ஆறிவிடும் என்று கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அந்த நேரத்தில் என் கையால் ஆகக்கூடியது அது ஒன்றுதான்.